ஃபேர்னஸ் அறையில் காற்றும் நெருப்பும்

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள மார்க்கம், ஏயாக்ஸ், பிரம்ரன் போன்ற நகரங்களிலும் உள்ள தனிவீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் குளிர்காலத்தில் சூடாக வைத்திருப்பது, நிலக்கீழ்த் தளத்தின் ஒரு மூலையில் நிற்கும் இயற்கை எரிவாயு ஃபேர்னஸ்தான். ஒக்ரோபரில் ஓடத் தொடங்கி ஏப்ரல் கடைசி வரை, சில ஆண்டுகளில் மே மாதத் தொடக்கம் வரையிலும், நாளொன்றுக்குப் பல முறை பற்றி அணையும் இந்த இயந்திரத்தை அந்த வீட்டில் வாழ்பவர்கள் கண்ணால் பார்ப்பதே அரிது. காரின் எண்ணெயை மாற்றுவதற்கு நாள் குறித்து வைத்திருக்கும் குடும்பங்கள்கூட, ஃபேர்னஸைப் பற்றி நினைப்பது அது நின்றுபோன இரவில்தான். எரிவாயுக் கருவிகளில் வேலை செய்வதற்கான ஒன்ராறியோ உரிமம் பெற்று, பல குளிர்காலங்களாக நம்மவர்களின் வீடுகளுக்குப் போய்வருபவன் என்ற முறையில், இந்தப் பராமரிப்பில் வீட்டுக்காரருக்கு உரிய பங்கு எது, தொழில்நுட்பவியலாளருக்கு உரிய பங்கு எது என்பதை ஒருமுறை ஆறுதலாக எழுதி வைக்க விரும்புகிறேன்.

முதலில் இயந்திரம் வேலை செய்யும் முறையைச் சொல்லிவிட வேண்டும். அது விளங்கினால் மற்றவை தாமாக விளங்கும். சுவரில் இருக்கும் தேர்மோஸ்ராற் சூடு கேட்டவுடன் முதலில் ஓடத் தொடங்குவது புகையை வெளியே தள்ளும் சிறிய விசிறி. அது சரியாக இழுக்கிறது என்பதை அழுத்தச் சுவிச் உறுதிப்படுத்திய பின்னரே தீமூட்டி சிவந்து பழுக்கும். அதன் பின்னரே எரிவாயு வால்வு திறக்கும். பர்னர்களில் தீ பற்றிய சில விநாடிகளுக்குள், சுடர் உண்மையிலேயே இருக்கிறது என்று சுடர் உணரி அறிவிக்காவிட்டால் வால்வு உடனே மூடிக்கொள்ளும். எல்லாம் ஒழுங்காக நடந்தால், வெப்பப் பரிமாற்றி என்னும் உலோகக் கூட்டின் உட்புறம் சூடேறிய பிறகு பெரிய விசிறி, அதாவது புளோவர், ஓடத் தொடங்கி, வீட்டுக் காற்றை அந்தக் கூட்டின் வெளிப்புறமாகச் செலுத்தி, குழாய்கள் வழியே அறைகளுக்கு அனுப்பும். புகை ஒரு பாதையில் வெளியே போகிறது. வீட்டார் சுவாசிக்கும் காற்று இன்னொரு பாதையில் சுற்றி வருகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய உலோகத் தகடு மட்டுமே.

ஆகவே இந்தப் பெட்டிக்குள் நெருப்பின் பாதை ஒன்று, காற்றின் பாதை ஒன்று என இரண்டு உள்ளன. நெருப்பின் பாதையில் உரிமம் இல்லாதவர் கை வைக்கக் கூடாது. சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. காற்றின் பாதையோ பெரும்பாலும் வீட்டுக்காரரின் கையில் இருக்கிறது. பழுதென்று என்னை அழைக்கும் வீடுகளில் கணிசமானவற்றில் குறை தொடங்கியிருப்பது இந்த இரண்டாவது பாதையில்தான்.

ஸ்காபரோவில் ஒரு வீடு. ஜனவரி மாதம், வெளியே உறைநிலைக்குக் கீழே இருபது பாகை. "சூடு வருது தம்பி, ஆனால் வீடு சூடாகுதில்லை" என்றார் வீட்டுக்கார அம்மா. கீழே இறங்கிப் பார்த்தபோது ஃபேர்னஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சில நிமிடங்கள் எரிந்ததும் தீ அணைந்து, புளோவர் மட்டும் சுற்றி, சற்று ஆறியபின் மறுபடி பற்றி, மறுபடி அணைந்தது. கட்டுப்பாட்டுப் பலகையில் சிறிய சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னி, மிகைவெப்பச் சுவிச் திறந்திருக்கிறது என்பதைத் தன் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. காற்றின் தூசியை வடிகட்டும் ஃபில்ரரை இழுத்தேன், வரவில்லை. புளோவரின் இழுவையில் அது நடுவில் வளைந்து உட்பக்கமாகப் புகுந்திருந்தது. பலவந்தமாக எடுத்தபோது, வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய தாள் முழுவதும் கம்பளம்போல ஒரு சாம்பல் நிறத் தூசிப்படலம். அதற்கடியில் தாளிதத்தின் எண்ணெய்ப் பிசுக்கு. முகர்ந்தால் சாம்பிராணி வாசனைகூடக் கொஞ்சம் மிச்சமிருந்தது. புதிய ஃபில்ரரைப் போட்டு, மிகைவெப்பச் சுவிச்சையும் புளோவரையும் சோதித்தபின் ஃபேர்னஸ் தடையின்றி எரிந்தது.

"போன வருசம்தானே மாத்தினது?" என்று அவர் கேட்டார். அவர் சொன்னது பொய்யல்ல. ஒரு அங்குலத் தடிப்புள்ள ஃபில்ரரைக் குளிர்காலத்தில் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது பொது விதி. ஆட்கள் நிறைந்த, தினமும் பொரியலும் தாளிதமும் நடக்கிற, விளக்கேற்றித் தூபம் போடுகிற வீட்டில் அது மாதம் ஒருமுறை என்று ஆகிவிடும். சமையலறைப் புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டுச் சமைத்தால் ஃபில்ரரும் சற்றுக் கூடுதல் காலம் தாங்கும். அழுக்கடைந்த ஃபில்ரர் காற்றை மறிக்கிறது. காற்று போதாவிட்டால் வெப்பப் பரிமாற்றி அளவுக்கு மேல் சூடாகிறது. பாதுகாப்புச் சுவிச் தீயை அணைக்கிறது. அந்தச் சுவிச் இப்படி அடிக்கடி வேலை செய்வதற்காக அமைக்கப்பட்டதல்ல. ஒவ்வொரு முறையும் தகடு மிகையாக விரிந்து சுருங்குகிறது. அவ்வாறு பல பருவங்கள் கழிந்தால் அதில் வெடிப்பு விழுவதற்கு வழி பிறக்கிறது. சில டொலர் பெறுமதியான ஒரு தாளை மாற்றாமல் விட்டதன் விலை, முழு ஃபேர்னஸையும் மாற்றுவதாக முடிவது இப்படித்தான்.

இதற்கு நேரெதிரான ஒரு தவறும் உண்டு. ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், கடையில் கிடைக்கும் மிக நுண்ணிய ஃபில்ரரை வாங்கிப் போடுகிறார்கள். ஃபில்ரரின் நுண்மையை மேர்வ் என்ற எண்ணால் குறிப்பார்கள்; 8 என்பது பொதுவான வீட்டுக்குப் போதும், 13 என்பது மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும். ஆனால் ஒரு அங்குலத் தடிப்பில் மேர்வ் 13 போட்டால், பழைய குழாயமைப்பு உள்ள பல வீடுகளில், அது புதிதாக இருக்கும்போதே காற்றை மறிக்கத் தொடங்கிவிடும். நுண்ணிய வடிகட்டல் உண்மையிலேயே தேவையென்றால், நான்கு அல்லது ஐந்து அங்குலத் தடிப்புள்ள ஃபில்ரர் பிடிக்கக்கூடிய பெட்டியைப் பொருத்திக்கொள்வதே முறை; மடிப்புகள் ஆழமாக இருப்பதால் அதன் மேற்பரப்பு அதிகம், காற்றும் தாராளமாகப் போகும். எந்த ஃபில்ரராக இருந்தாலும் அதன் சட்டகத்தில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி ஃபேர்னஸை நோக்கி இருக்க வேண்டும்.

காற்றை மறிப்பது ஃபில்ரர் மட்டுமல்ல. பாவிக்காத அறைக்குச் சூடு எதற்கு என்று தரையில் உள்ள காற்றுத் திறப்புகளை மூடிவிடுவது நம்மிடையே பரவலான பழக்கம். அதனால் எரிவாயு மிச்சமாவதில்லை; புளோவர் அதே காற்றைக் குறைந்த வழிகளால் தள்ள முயன்று திணறுகிறது, மூடிய அறையின் குழாய் இணைப்புகளால் காற்று சுவருக்குள் கசிகிறது. காற்று திரும்பிப் போகும் பெரிய திறப்புக்கு முன்னால் சோபாவை ஒட்டிப் போடுவதும் இதே கேட்டைத் தரும். ஒரு அறையில் சூடு கூடுதலாக இருந்தால் அதன் திறப்பைச் சற்றுக் குறைக்கலாம். பாதி வீட்டை மூடக் கூடாது.

நிலக்கீழ்த் தளத்தை வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபேர்னஸ் கீழே, வாடகைக்கு இருப்பவரின் பக்கத்தில். தேர்மோஸ்ராற் மேலே, வீட்டுக்காரரின் பக்கத்தில். ஃபில்ரரை மாற்றுவது யார் என்ற கேள்வியை இருவரும் கேட்பதில்லை. ஃபேர்னஸ் அறையைத் திறந்தால் ஊருக்குப் போய்வந்த சூட்கேசுகளும் அரிசி மூட்டைகளும் பழைய தொட்டிலும் கூரை வரை அடுக்கியிருக்கும். சில இடங்களில் பெயின்ற் வாளியும் புல்வெட்டும் இயந்திரத்துக்கான பெற்றோலும்கூட இருக்கும். பெற்றோலையும் பெயின்ற் கரைப்பானையும் அந்த அறையில் வைத்திருப்பது நேரடியான தீ அபாயம். மற்றப் பொருட்கள் குறைந்த ஆபத்தானவைபோலத் தோன்றினாலும், பழைய வகை ஃபேர்னஸ்களும் தண்ணீர்ச் சூடாக்கிகளும் எரிவதற்கான காற்றை அந்த அறையிலிருந்தே எடுப்பதால், அறையை நெருக்கி அடைப்பது நெருப்பின் மூச்சை நெருக்குவதாகும். வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே ஃபில்ரரை யார் எப்போது மாற்றுவது, அந்த அறைக்குள் என்ன வைக்கலாம் என்று இரண்டு வரி எழுதி வைப்பது இருவருக்கும் நல்லது. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டுக்குக் குறைந்தது 21 பாகை செல்சியஸ் வெப்பம் தர வேண்டியது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி நெருப்பின் பாதை. ஆண்டுக்கு ஒருமுறை, செப்ரெம்பரில் அல்லது ஒக்ரோபர் தொடக்கத்தில் உரிமம் பெற்றவரை அழைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்; ஆண்டுப் பரிசோதனை தேவை என்று உற்பத்தியாளர்கள் பொதுவாகக் கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். வந்தவர் உண்மையில் வேலை செய்தாரா, தூசியை உறிஞ்சிவிட்டுக் கையொப்பம் இட்டுப் போனாரா என்பதை வீட்டுக்காரர் எளிதில் கண்டுபிடிக்கலாம். வேலை செய்பவர் அளப்பார். எரிவாயு பர்னருக்குள் போகும் அழுத்தத்தை அளப்பார். இயற்கை எரிவாயுவுக்கு அது வழக்கமாக 3.5 அங்குல நீர்மட்டம் என்ற அளவில் இருக்கும். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் இடையிலான வெப்ப வித்தியாசத்தை அளந்து, ஃபேர்னஸின் தகட்டில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் அது அடங்குகிறதா என்று ஒப்பிடுவார். புகையில் காபன் மொனொக்சைட் எவ்வளவு இருக்கிறதென்று கருவியை நுழைத்துப் பார்ப்பார். இந்த எண்கள் எதுவும் இல்லாத பற்றுச்சீட்டு எனக்கு நம்பிக்கை தருவதில்லை. வீட்டுக்காரருக்கும் தரக் கூடாது.

சுடர் உணரி என்பது பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத ஒரு மெல்லிய உலோகக் கம்பி. வெண்ணிறப் பீங்கான் பிடியொன்றில் செருகி, ஒரேயொரு திருகாணியால் பொருத்தப்பட்டிருக்கும். சுடர் மின்சாரத்தைக் கடத்தும் தன்மை கொண்டது. அந்தக் கம்பியிலிருந்து சுடர் வழியாக ஓடும் மின்னோட்டம் சில மைக்ரோ அம்பியர்கள்தான்; ஆனால் அதை நம்பித்தான் கட்டுப்பாட்டுப் பலகை எரிவாயுவைத் திறந்து வைத்திருக்கிறது. காலப்போக்கில் கம்பியின்மேல் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் ஒரு படலம் படிந்து அந்த மின்னோட்டம் மெல்ல மெல்லக் குறைகிறது. ஒக்ரோபரில் அது வேலைக்குப் போதும்; ஜனவரியில் ஒரு நாள் போதாமல் போகிறது. அன்று ஃபேர்னஸ் பற்றும், சில விநாடிகளில் அணையும், மறுபடி முயலும், பல முறை தோற்றதும் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். ஆண்டுப் பராமரிப்பின்போது அதைக் கழற்றி நுண்ணிய உராய்தாளால் துடைத்து, மின்னோட்டத்தை அளந்து குறித்து வைப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். சென்ற ஆண்டு எண்ணும் இந்த ஆண்டு எண்ணும் கையில் இருந்தால், அடுத்த குளிர்காலத்தில் அது நிற்குமா நிற்காதா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். பருவத்துக்கு முன் பார்ப்பதில் உள்ள பெரிய பயன் இதுவே என்பது என் எண்ணம். எரிவாயுக் கட்டணம் பெருமளவில் குறையும் என்று விளம்பரங்கள் சொல்வதை நான் சொல்ல மாட்டேன். நன்றாக இருக்கும் ஃபேர்னஸில் மிச்சம் சொற்பமே. பழுதாகும் நாளை நாம் தெரிவு செய்கிறோம், அவ்வளவுதான். ஆனால் நடுநிசியில், உறைபனியில், அவசர அழைப்புக் கட்டணத்தில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பணத்தைவிடப் பெரிய காரணம் காபன் மொனொக்சைட். எரிவதற்குக் காற்று போதாதபோதும், புகை வெளியேறும் வழி அடைபடும்போதும், வெப்பப் பரிமாற்றியில் வெடிப்பு விழும்போதும் அது வீட்டுக்குள் வரலாம். அதற்கு நிறமோ மணமோ இல்லை. எரிவாயுவில் கசிவு தெரிவதற்காகச் சேர்க்கும் அழுகிய முட்டை வாடை இதற்கு இருக்காது. குருதியின் ஹீமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு ஒட்டிக்கொள்வதால், சிறிய அளவும் உடலை முடக்கும். தலையிடி, குமட்டல், தலைச்சுற்று, களைப்பு என்று காய்ச்சல் இல்லாத தடிமன்போலத் தொடங்கும். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனால் குறைந்தால், உடனே எல்லாரும் வெளியேறி 911ஐ அழைக்க வேண்டும்.

ஒன்ராறியோவில் இதற்கான சட்டம் ஒரு குடும்பத்தின் மரணத்தில் பிறந்தது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் வூட்ஸ்ரொக் நகரில், மாகாணப் பொலிஸ் அதிகாரியான லோரி ஹோக்கின்ஸும் அவரது கணவரும் இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்குள்ளேயே காபன் மொனொக்சைட்டால் இறந்தார்கள். குளிர்காய்வதற்கான எரிவாயுக் கணப்பின் புகை வெளியேறும் வழி அடைபட்டிருந்தது; வீட்டில் எச்சரிக்கைக் கருவி இல்லை. அவரது நெருங்கிய உறவினரான, ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஜோன் கின்யாக் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டதன் பயனாக 2013இல் ஹோக்கின்ஸ் கின்யாக் சட்டம் நிறைவேறியது; 2014 ஒக்ரோபரிலிருந்து, எரிபொருள் கருவி உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. 2026 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு தளத்திலும் வேண்டும் என்று விதி இறுக்கப்பட்டிருக்கிறது. கருவியைப் பொருத்தினால் மட்டும் போதாது. அதற்குள் இருக்கும் உணரிக்கு ஆயுள் உண்டு. வகையைப் பொறுத்து ஏழு முதல் பத்து ஆண்டுகள். பின்பக்கத்தில் திகதி அச்சிட்டிருக்கும். காலாவதியான கருவி சுவரில் பச்சை விளக்கோடு தொங்குவதைப் பல வீடுகளில் காண்கிறேன்.

2013 டிசெம்பரில் பனிமழைப் புயல் அடித்து ரொறன்ரோவில் ஏறத்தாழ மூன்று லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டபோது, எரிவாயு தடையின்றி வந்தும் ஃபேர்னஸ்கள் நின்றன. விசிறியும் பலகையும் மின்சாரத்தில் ஓடுபவை. குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி அடுப்பையும் கராஜுக்குள் ஜெனரேற்றரையும் மூட்டியவர்களிடமிருந்து தீயணைப்புத் துறைக்கு அழைப்பு மேல் அழைப்பு வந்தது. எந்தக் குளிரிலும் அந்த இரண்டையும் செய்யக் கூடாது.

புதிய ஃபேர்னஸ்களில் வேறொரு கவனம் வேண்டும். எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகும். அதைக் குளிரவைத்து நீராக்கி, அந்த வெப்பத்தையும் பிடித்துக்கொள்வதால்தான் இவை 95 சதவீதத்துக்கு மேல் திறன் காட்டுகின்றன. அந்த நீர் அமிலத்தன்மை உள்ளது. சிறிய குழாயால் வடிய வேண்டும். வடிகுழாயும், புகை அதன் வழியே வராதபடி நீரைப் பிடித்து வைக்கும் பொறியும் அடைபட்டால் நீர் தேங்கி, அழுத்தச் சுவிச் மூட மறுத்து, ஃபேர்னஸ் எரியாது. அதன் புகை கூரைப் புகைபோக்கியால் போகாமல், சுவரின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்ரிக் குழாயால் போகிறது. பெரும்பனி பெய்த மறுநாள், காரைத் தோண்டி எடுப்பதற்கு முன்னர் அந்தக் குழாயின் வாயைப் பார்ப்பது முறை. பாதையைத் துப்புரவாக்கும் இயந்திரம் பனியைக் கொண்டுபோய் அங்கேயே குவித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

பராமரிப்பு என்ற பெயரில் வருகிறவர்கள் எல்லாரும் பராமரிப்பவர்கள் அல்லர். இலவசமாகச் சோதிக்கிறோம் என்று கதவைத் தட்டி, வெப்பப் பரிமாற்றியில் வெடிப்பு இருக்கிறது என்று பயமுறுத்தி, புதிய ஃபேர்னஸுக்கான வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கியவர்களால் நம் பெரியவர்கள் பலர் அல்லற்பட்டார்கள். அழைக்காமல் வீட்டு வாசலில் வந்து ஃபேர்னஸ் விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச்சில் தடைசெய்தது. அத்தகைய ஒப்பந்தங்களைக் காட்டி வீட்டு உரித்துப் பதிவேட்டில் கடன்போன்ற பொறுப்பைப் பதிவதையும் 2024இல் நிறுத்தியது. ஆகவே வெடிப்பு என்று யாரும் சொன்னால், இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். அளந்த எண்ணைக் கேளுங்கள். உண்மையான அபாயம் இருந்தால் உரிமம் பெற்றவர் எரிவாயுவை நிறுத்திச் சிவப்பு அட்டை கட்டுவது சட்டப்படியான கடமை. அதற்காக அவரோடு சண்டை பிடிக்கக் கூடாது. ஆனால் சிவப்பு அட்டை கட்டியவரிடமே புதியதை வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வேறொருவரையும் கூப்பிட்டுக் காட்டலாம். வருகிறவரின் நிறுவனம், ஒன்ராறியோவில் எரிபொருள் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ.யில் பதிவு செய்ததா என்றும் பார்க்கலாம்.

டிசெம்பர் விடுமுறையில் குடும்பமாக ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. ஆளில்லாத வீட்டில் ஃபேர்னஸ் நின்றால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்து, திரும்பி வரும்போது நிலக்கீழ்த் தளம் குளமாகியிருக்கும். தேர்மோஸ்ராற்றை 15 பாகைக்குக் கீழே இறக்காதீர்கள். பிரதான தண்ணீர் வால்வை மூடுங்கள். இடையிடையே ஒருவர் வந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். குளிர்காலத்தில் அப்படிப் பார்த்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டால் நட்டஈடு தரமாட்டோம் என்ற நிபந்தனை பல வீட்டுக் காப்புறுதிகளில் இருக்கிறது.

எவ்வளவு பராமரித்தாலும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் மாற்ற வேண்டி வரும். கனடாவில் 2019 ஜூலையிலிருந்து தயாரிக்கப்படும் வீட்டு எரிவாயு ஃபேர்னஸ்களுக்குக் குறைந்தது 95 சதவீதத் திறன் வேண்டும் என்பதால், புதியது சுவர் வழியாகப் புகை விடும் வகையாகவே இருக்கும். விலைப்பட்டியல் கேட்கும்போது பலர் தவறவிடுவது இதுதான்: பழைய ஃபேர்னஸும் தண்ணீர்ச் சூடாக்கியும் ஒரே புகைபோக்கியைப் பகிர்ந்துகொண்டிருந்த வீட்டில், ஃபேர்னஸ் விலகியதும் சூடாக்கி மட்டும் அந்தப் பெரிய புகைபோக்கியில் தனித்து நிற்கும். அதன் சிறிதளவு புகை பரந்த செங்கல் வழியில் குளிர்ந்து மேலேறாமல், அறைக்குள் திரும்பக்கூடும். புகைபோக்கிக்குள் சரியான அளவில் உலோக உறை இறக்க வேண்டும், அல்லது சூடாக்கியையும் விசிறி வைத்த வகையாக மாற்ற வேண்டும். இதற்கான செலவு விலைப்பட்டியலில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையொப்பம் இடுவதற்கு முன் எழுதித்தரச் சொல்லுங்கள்.